‘ஃபைன்’ என்றால் நலமா, அபராதமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பேச்சு ஆங்கிலம் கற்றுத் தருகிறேன். ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகள், திருமணமாகி இங்கே குடிவந்த பெண்கள், பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேச ஆசைப்படும் பாட்டிமார் என்று பலரும் வருகிறார்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ‘ஃபைன்’ என்ற இந்தச் சின்னஞ்சிறு சொல் எப்படியாவது குறுக்கே வந்துவிடும். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

சார், ஃபைனுக்குத் தமிழ்ல ஒரே ஓர் அர்த்தம் சொல்லுங்களேன், அதையே மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. ‘நலம்’ என்று மனப்பாடம் செய்தால் ரயில் நிலையத்து எச்சரிக்கைப் பலகையில் வழுக்கி விழுவீர்கள். ‘அபராதம்’ என்று மனப்பாடம் செய்தால் மருத்துவர் முன்னால் திகைத்து நிற்பீர்கள். இச்சொல்லின் பயன்பாடுகளைப் பெரும்பாலும் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். குறையில்லாமல் நன்றாக இருப்பது முதல் குடும்பம். மெல்லியதாக, பொடியாக, நுணுக்கமாக இருப்பது இரண்டாவது. குற்றத்துக்குக் கட்டும் பணம் மூன்றாவது.

முதலிரண்டில் எது என்று குழப்பம் வந்தால், அந்த இடத்தில் இதற்கு எதிர்ச்சொல் எதுவாக இருக்கும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே நிற்பது ‘உடம்பு சரியில்லை’ என்றால் ஃபைன் நலத்தைக் குறிக்கிறது. ‘மழை’ என்றால் வானம் வெளுத்திருக்கிறது. ‘கொரகொரப்பு’ என்றால் நைஸாக இருக்கிறது. அகராதியைப் புரட்டுவதைவிட இந்த வழி விரைவானது என்பது என் அனுபவம்.

நல்லா இருக்கிறதுக்கும் ஃபைன், தண்டம் கட்டுறதுக்கும் ஃபைன். இதென்ன சார் நியாயம்?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஃபின்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல்கள் வழியாக நுழைந்தது. ஒரு பொருளை அதன் உச்சம் வரைக்கும் கொண்டுபோய் முடித்தால் அது முழுமையடைகிறது, குறையற்றதாகிறது. அதுதான் ‘நன்று’ என்ற பொருள். ஒரு வழக்கைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டால் அந்த முடித்தலுக்கான தொகையும் ஃபைன், அதுதான் அபராதம். இங்கிலாந்தின் பழைய நிலச் சட்டத்தில், பேருக்கு ஒரு வழக்குத் தொடுத்து, உடனே சமரசமாக முடித்து, அதன் வழியாக நிலத்தைக் கைமாற்றும் முறைக்கும் இதே பெயர் இருந்தது. 1833ஆம் ஆண்டில் சட்டமியற்றி அதை ஒழித்தார்கள்.

இக்குடும்பம் பெரியது. இறுதியைக் குறிக்கும் ‘ஃபைனல்’, முடிப்பதைக் குறிக்கும் ‘ஃபினிஷ்’, எல்லை வகுத்துப் பொருள் சொல்லும் ‘டிஃபைன்’ ஆகியவை எல்லாம் உறவுக்காரர்கள். கடனைத் தீர்த்து முடிப்பது என்ற பொருளில் தொடங்கிய ‘ஃபைனான்ஸ்’கூட அப்படித்தான். ஜூரோங் தீவில் வேலை செய்யும் மாணவர் ஒருவர், “அப்ப எங்க ரிஃபைனரியுமா?” என்று கேட்டார். ஆம், கச்சா எண்ணெயின் கசடு நீக்கி அதை ‘ஃபைன்’ ஆக்கும் இடம்தான் ரிஃபைனரி.

நான் சொன்னா ‘பைன்’னு கேக்குதாம், பிள்ளைங்க சிரிக்கிறாங்க. எப்படி உச்சரிக்கணும்?

‘பைன்’ என்பது ஊசி இலை மரத்தின் பெயர். ‘ஃபைன்’ சொல்லும்போது இரு உதடுகளும் ஒட்டக் கூடாது. மேல்பற்கள் கீழுதட்டை லேசாகத் தொட, காற்று இடையே சீறிக்கொண்டு வெளியேற வேண்டும். தமிழில் அந்த ஒலியைக் காட்டத்தான் பகரத்துக்கு முன் ஆய்த எழுத்தை இடுகிறோம். ஒரு மெழுகுவத்தியை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்: ‘பைன்’ சொன்னால் சுடர் சட்டென்று துள்ளும், ‘ஃபைன்’ சொன்னால் சாய்ந்து நடுங்கும். பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் ‘ழ’ சொல்லும்போது நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

‘ஹவ் ஆர் யூ’ன்னு கேட்டா ‘ஐ ஆம் வெரி ஃபைன்’னு சொல்றேன். தப்பா?

இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் காதுக்கு உறுத்தும். நலமாக இருக்கிறேன் என்ற பொருளில் வரும் ஃபைன் ஏற்கெனவே ஒரு நிலையை எட்டிவிட்ட சொல். ‘ரொம்பப் போதும்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லாததைப்போல, அதற்கு முன்னால் ‘வெரி’ போடுவதில்லை. ‘ஐ ஆம் ஃபைன்’ அல்லது ‘ஐ ஆம் ஜஸ்ட் ஃபைன்’ என்றால் போதுமானது. ‘வெரி ஃபைன்’ என்று வந்தால், அது பெரும்பாலும் மிக மெல்லியது அல்லது மிக நேர்த்தியானது என்ற பொருளையே தரும். மிகப் பொடியான மணல், மிக நேர்த்தியான பட்டுச்சேலை ஆகியவற்றை அப்படிச் சொல்லலாம்.

விருந்துல இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டேன், ‘ஐ ஆம் ஃபைன்’னாங்க. போட்டுட்டேன். முகம் மாறிடுச்சு.

அவர் சொன்னது ‘போதும், வேண்டாம்’ என்று. தருவதாக ஒருவர் முன்வரும்போது பதிலாக வரும் ‘ஐ ஆம் ஃபைன்’ பெரும்பாலும் மறுப்புதான். ‘இப்போது இருப்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது’ என்ற கருத்தை மரியாதையாகச் சுருக்கிச் சொல்லும் முறை அது.

இதில் நானும் அடிபட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்த அதிகாரி ஒருவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். “ஐ ஆம் ஃபைன்” என்றார். ‘ஆகட்டும்’ என்கிறார் போலும் என்று எண்ணி, கீழ்த்தளத்துக் காப்பிக்கடை வரை ஓடி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ‘தே-ஓ’வை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார். உண்மை விளங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

முதலாளி ‘டுமாரோ இஸ் ஃபைன்’னு செய்தி அனுப்பியிருக்காரு. நாளைக்கு வெயில் அடிக்கும்னு சொல்றாரா?

நீங்கள் முன்னதாக அவரிடம் என்ன கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. நாளை விடுப்பு எடுக்கலாமா, நாளை வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தால், ‘நாளை சரிப்படும், எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்பதே பொருள். வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால்தான் வெயில். பொதுவாக, ஒரு யோசனைக்குப் பதிலாக வரும் ஃபைன் நம் ‘சரி’யின் வேலையைச் செய்கிறது.

என் வீட்டுக்காரி வெறுமனே ‘ஃபைன்.’ அப்படின்னு ஒரு சொல்லு, ஒரு புள்ளி மட்டும் அனுப்பினா?

தம்பி, இது இலக்கணக் கேள்வி அன்று. தமிழில் ‘சரி, உங்க இஷ்டம்’ என்று சொல்லும்போது அதில் இஷ்டம் எவ்வளவு இருக்குமோ, அந்த ‘ஃபைன்’ என்பதில் நலமும் அவ்வளவுதான் இருக்கும். முன் பதிலில் சொன்ன ‘சரி’தான் இதுவும், குரலின் ஏற்ற இறக்கம் எழுத்தில் விழாததால் புள்ளி அந்த வேலையைச் செய்கிறது. உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

புகைமூட்ட நேரத்துல ‘ஃபைன் பார்ட்டிக்கிள்ஸ்’ கூடியிருக்குன்னு செய்தியில சொன்னாங்க. நல்லதுதானேன்னு பேரனை வெளியே விளையாட விட்டுட்டேன்.

இக்கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு அன்று நான் அவசரமாகப் பதில் சொன்னதால், இங்கே நிதானமாக எழுதுகிறேன். இங்கு ஃபைன் என்றால் நுண்ணியது என்று பொருள். நல்லது, கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை. செய்தியில் ‘பி.எம். 2.5’ என்று வருவது, குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள துகள்களைக் குறிக்கிறது. அது ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியவை என்பதால்தான் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடுகின்றன. சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்து காற்று இந்தப் பக்கம் வீசும் நாள்களில், தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கொருமுறை வெளியிடும் இந்த அளவு ஏறியிருந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள். தமிழ்ச் செய்தியில் ‘நுண்துகள்’ என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தமிழில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

மருத்துவமனைக் கடிதத்தில் ‘ஃபைன் நீடில்’ என்று கண்டாலும் இதே கணக்குத்தான்: மெல்லிய ஊசியைச் செலுத்தி, கட்டியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பார்கள்.

சைட்டுல ‘ஃபைன் அக்ரிகேட்’னு சொல்றாங்க. அதுவும் பொடிசா?

ஆம். கான்கிரீட் கலவைக்கு வரும் ஜல்லி பெரிது, மணல் சிறிது. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழுந்துவிடுவது ‘ஃபைன்’, மேலே தங்கிவிடுவது ‘கோர்ஸ்’. உப்புத்தாளிலும் இவ்விரு சொற்களே வரும். அங்கே எண் கூடக்கூடத் தாள் நைஸாகும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு.

இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. மாவு அரைக்கும்போது நாம் ‘நைஸா அரைங்க’ என்கிறோம். ஆங்கிலக்காரர் அந்த இடத்தில் ‘நைஸ்’ என்று சொல்லமாட்டார், ‘ஃபைன்’ என்றுதான் சொல்வார். மாவரைப்பவரிடம் ‘நைஸ் ஃப்ளவர்’ கேட்டால் நல்ல மாவு வேண்டும் என்றோ, அழகான பூ வேண்டும் என்றோதான் எடுத்துக்கொள்வார்.

நகைக்கடையில ‘ஃபைன் கோல்டு 999.9’னு போட்டிருந்துச்சு. என் சங்கிலியில 916. அப்ப என்னுது ஃபைன் இல்லையா?

தங்கத்தின் முன் வரும் ஃபைன், கலப்பு நீக்கிய தூய்மையைக் குறிக்கிறது. ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதே அந்த எண். 999.9 என்றால் கிட்டத்தட்ட முழுத் தங்கம். கட்டிகளிலும் காசுகளிலும் பொறிப்பார்கள். 22 காரட்டை 24ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள், 916 சொச்சம் வரும். உங்கள் சங்கிலியில் குறையொன்றும் இல்லை. சுத்தத் தங்கம் மெத்தென்று இருப்பதால், அன்றாடம் போடும் நகையில் செம்பும் வெள்ளியும் சேர்த்துக் கெட்டிப்படுத்துகிறார்கள்.

இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருந்தது: மாற்று. உரைகல்லில் உரசிப் பார்த்துப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்றார்களே, அந்த மாற்றுதான் ஆங்கிலத்தின் ‘ஃபைன்னெஸ்’. சிராங்கூன் சாலையில் நகை வாங்கும்போது ‘மாற்று எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஆசாரி எவராவது கடையில் இருந்தால் முகம் மலரும். ‘ஃபைன் சில்வர்’ என்பது 999 தூய்மையுள்ள வெள்ளி. நாம் இங்கே டாலரையும் வெள்ளி என்றே சொல்வதால், ‘வெள்ளியிலே ஃபைன்’ என்றால் நகைக்கடையில் ஒன்று, நீதிமன்றத்தில் வேறொன்று.

ஃபைன் ஆர்ட்ஸ்னா ‘நுண்கலை’ன்னு போடுறாங்க. சின்ன கலையா?

சிறிய கலை என்று எவரும் எண்ணுவதில்லை. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் பரதமும் வீணையும் பயின்ற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். எனினும் மொழிபெயர்ப்பைக் கவனித்தால் சுவையான ஒன்று தெரியும். ஆங்கிலத் தொடரில் உள்ள ஃபைன், பயன்பாட்டுக்காக அன்றி அழகுக்காக ஆன கலை என்ற கருத்தைத் தாங்கி வருகிறது. பிரெஞ்சில் நேராக ‘அழகிய கலைகள்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் அதை மொழிபெயர்த்தபோது ‘நுண்’ என்ற இரண்டாம் குடும்பத்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘நுண்கலை’ என்றார்கள். ‘கவின்கலை’ என்று சொன்னவர்கள் மூலத்துக்கு நெருங்கி வந்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வழக்கில் வென்றது நுண்கலைதான். நுட்பம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவதால், இழப்பு ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்துல ‘ஃபைன் பிரிண்ட்’ படிச்சியான்னு நண்பன் கேக்குறான். அச்சு நல்லாத்தான் இருந்துச்சு.

பொடி எழுத்தைப் படித்தாயா என்று கேட்கிறார். கைத்தொலைபேசி ஒப்பந்தத்திலும் வீட்டு வாடகைப் பத்திரத்திலும் முன்பக்கம் சலுகையைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல அச்சிடுவார்கள். அங்கே இரண்டாம் குடும்பத்து ஃபைன், சத்தமில்லாமல் மூன்றாம் குடும்பத்தை வீட்டுக்குள் கூட்டிவருகிறது.

பலகையில ‘ஃபைன் அப் டு 2,000’னு இருந்தா, குப்பை போட்டா நேரா ரெண்டாயிரமா?

‘அப் டு’ என்பதைக் கவனியுங்கள்; ‘வரை’ என்று பொருள். குப்பை போட்டதற்காக நீதிமன்றத்தில் முதன்முறை குற்றவாளியென்று முடிவானால் அதிகபட்சம் 2,000 வெள்ளி, இரண்டாம் முறை 4,000, அதற்குப் பிறகு 10,000 என்பது சட்டத்தில் உள்ள உச்சவரம்பு. எவ்வளவு என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

ஆனால் நம்மில் பலர் ‘ஃபைன் வந்துருச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் நீதிமன்ற அபராதமே அன்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல், குறிப்பிட்ட தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளும் வாய்ப்பு அது. ஆங்கிலத்தில் ‘காம்போசிஷன்’ என்பார்கள். உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மேல் 2021 செப்டம்பர் 1 முதல் நடவடிக்கை எடுக்கப்படுகிறதல்லவா? அதில் முதல்முறை எழுத்துமூலம் எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி என்பது இந்த வகை. கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது; மீண்டும் மீண்டும் செய்தால்தான் நீதிமன்றம். பணத்தைக் கொடுத்து வழக்கை முடிப்பது என்று இரண்டாம் பதிலில் சொன்ன பழைய பொருள், இன்றும் இந்த ஏற்பாட்டில்தான் அச்சு அசலாக உயிரோடு இருக்கிறது.

அப்ப ‘சம்மன்’னு சொல்றோமே, அது வேறயா?

வேறுதான். சம்மன் என்பது நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் அழைப்பாணை. மலாயில் ‘சமான்’ என்பது வாகனக் குற்றத்துக்கான சீட்டைக் குறிப்பதால், நாமும் அதைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் ‘சம்மன்’ ஆக்கிவிட்டோம். பேச்சில் பரவாயில்லை. கடிதம் வந்தால் மட்டும், பணம் கட்டச் சொல்கிறதா, நாள் குறித்து நேரில் வரச் சொல்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் வரச் சொல்லியும் போகாமல் இருந்தால் பிடியாணை வரும்.

தமிழ்ல அபராதமா, தண்டமா? எதை எழுதுறது?

‘அபராதம்’ என்றே எழுதுங்கள். இங்குள்ள செய்தித்தாளிலும் அறிவிப்புகளிலும் அதுவே நிலைத்துவிட்டது. வடமொழியில் அச்சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். தமிழுக்கு வந்தபோது குற்றத்திலிருந்து நழுவி, குற்றத்துக்குக் கட்டும் பணத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ‘தண்டம்’ என்பதற்குக் கோல், தண்டனை, தண்டனைப் பணம் என்று பல பொருள்கள். குறளில் ‘கையிகந்த தண்டம்’ என்று வருவது அளவு மீறிய தண்டனையைத்தான். இன்றைக்கோ ‘தண்டச்சோறு’ அந்தச் சொல்லின் மரியாதையைக் கெடுத்துவிட்டது. ‘தண்டம் கட்டினேன்’ என்றால் அபராதம் கட்டினாரா, வீண் செலவு செய்தாரா என்று கேட்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘ஹீ வாஸ் ஃபைன்ட்’னா அவரைக் கண்டுபிடிச்சாங்களா?

காதில் இரண்டும் ஒன்றேபோல் விழும் என்பதால் இக்குழப்பம் இயல்பானது. ‘கண்டுபிடி’ என்ற வினை ஆங்கிலத்தில் ‘ஃபைண்ட்’. அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’. ஆகவே ‘வாஸ்’ என்பதற்குப் பின்னால் இந்த ஒலி வந்தால் அபராதம் விதிக்கப்பட்டது என்றே கொள்ளுங்கள்; கண்டுபிடித்திருந்தால் ‘வாஸ் ஃபவுண்ட்’ என்றிருக்கும்.

சுற்றுப்பயணிகளுக்கு விக்கிற டி-சட்டையில ‘சிங்கப்பூர் இஸ் எ ஃபைன் சிட்டி’ன்னு போட்டு, கீழே எல்லா அபராதமும் போட்டிருக்கான். இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?

அருமையான நகரம், அபராத நகரம் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைந்ததால் பிறந்த சிலேடை அது. முதல் குடும்பமும் மூன்றாம் குடும்பமும் மோதும் இடம். தமிழில் ‘நல்ல நகரம்’ என்றால் அபராதம் போய்விடும், ‘அபராத நகரம்’ என்றால் நகைச்சுவை போய்விடும். சிலேடையைச் சிலேடையால்தான் பெயர்க்க முடியும் என்பதால், வகுப்பில் நான் சொல்லிப் பார்த்தது: ‘இது கட்டுப்பாட்டு நகரம், முதலில் கட்டு, அப்புறம் பாடு.’ பாதிப் பேர் சிரித்தார்கள். மூலத்துக்கு அதைவிட அதிகம் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மகளோட பியானோ தாள்ல கடைசி வரியில ‘ஃபைன்’னு எழுதியிருக்கு. டீச்சர் பாராட்டியிருக்காங்களா?

அது இத்தாலியச் சொல். எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு ‘ஃபீனே’. முடிவு என்று பொருள். வாசித்துப் போய், முதலுக்குத் திரும்பி, மறுபடி இந்தச் சொல் இருக்கும் இடம் வரை வாசித்து நிறுத்த வேண்டும். கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பி நிறைவு செய்கிறோமே, ஏறத்தாழ அப்படி. ஆகவே அது தாளின் கடைசி வரியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நடுவிலும் இருக்கலாம்.

கடைசியா ஒண்ணு சார். எம்ஆர்டி ரயில்ல சாப்பிட்டா 500, புகைபிடிச்சா 1,000, எரியக்கூடிய பொருள் கொண்டுபோனா 5,000ன்னு ஃபைன் போட்டிருக்கான். டுரியான் பழத்துக்கு மட்டும் ஏன் தொகை போடலை?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பலகையில் டுரியான் படத்தின் கீழே ‘ஃபைன்’ என்ற சொல் இல்லை. தடை மட்டுமே உண்டு. அதைப் பார்த்து ‘டுரியான் இஸ் ஃபைன்’ என்று முதல் குடும்பத்துப் பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பையை எத்தனை மடிப்பு மடித்துக் கட்டினாலும், வாசம் உங்களுக்கு முன்னால் பெட்டிக்குள் ஏறிவிடும். நிலைய ஊழியர் வந்து வெளியே போகச் சொல்வார். கேலாங்கில் வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு ரயில் ஏறுங்கள்.